மாலை யாருக்கு, கேப்டன் யார்?

(மதுரை சிம்மக்கல்லில், மூத்த வாலிபால் ஆட்டக்காரர்களைப் பாராட்ட இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்றைக்குப் பாராட்டப்படுகிறவர்கள் யாரும் இந்தியாவுக்காக ஆடியவர்கள் இல்லை. மாவட்ட அணிக்கு ஆடியவர்கள் சிலர். காலேஜ் அணியோடு நின்றுபோனவர்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமை மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் வாடிப்பட்டிக்கும் பஸ் ஏறிப் போய் ஆடி, ஜெயித்த ரொக்கத்தில் ஆளுக்கு நாலு புரோட்டா சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை விடியும் முன்னே மூட்டை தூக்கப் போனவர்கள்தான் அதிகம். "இவங்களுக்கு எதுக்குப்பா பாராட்டு விழா?" என்று வெளியே டீக்கடையில் ஒருவர் கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இந்த மைக்கை எடுத்துக்கொள்கிறேன்.

தென்மாவட்டங்களில் விளையாட்டும் சாதியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். அதற்காக டோர்னமென்ட் நோட்டீஸ்களைச் சேர்த்துவருகிறேன். ஒரு நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மேலே தலைவர் படம். அடுத்து முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை வழங்குபவர், பந்து வாங்கிக் கொடுத்தவர், மைக்செட் உபயம், சாப்பாடு உபயம். பல நோட்டீஸ்களில் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் சாதிப் பட்டமும் இருக்கும். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்ட நாடு இது. பள்ளிக்கூட ரெஜிஸ்டரிலிருந்து இறங்கிப் போன பட்டம் ஃபிளெக்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டது.

அந்த நோட்டீஸில் ஆட்டக்காரர் ஒருவர் பெயராவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருக்காது. 'கலந்துகொள்ளும் அணிகள்' என்று ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். இதைச் சாதித் தலைவர் ஜெயந்திக்கு நடக்கிற டோர்னமென்ட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. அண்ணல் படம் போட்டு நம் தெருக்களில் அடிக்கிற நோட்டீஸிலும் இதே கதைதான். விளையாட்டு விழாவில் விளையாடுகிறவருக்குப் பெயர் இல்லை. அப்படியானால் அந்த விழாவில் யார் யாரைப் பாராட்டுகிறார்கள்?

மதுரைக்காரர்களுக்கு 'மரியாதை' என்ற சொல்லை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் எந்த வகையறாவுக்கு, விபூதித் தட்டு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதற்கெல்லாம் இங்கே ஊர் இரண்டுபட்டிருக்கிறது, உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்கு போயிருக்கிறது. மரியாதை இங்கே ஒரு சொத்து. பட்டா இல்லாத சொத்து. ஆனால் பட்டா நிலத்தைவிடக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கப்படுகிற சொத்து.

இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டவர்கள் அதற்குள் நுழைந்தார்கள். உள்ளே நுழைவது முதல் படி. நுழைந்த பிறகு யாருக்கு என்ன இடம் என்பது இரண்டாவது படி. எத்தனையோ கிராமக் கோயில்களில் முதல் படியே இன்னும் பாக்கி. முதல் படி ஏறிய ஊர்களிலும் தகராறு வருவது இரண்டாவது படியில்தான். "வந்து கும்பிட்டுட்டுப் போங்க, யார் வேண்டாம்னா? ஆனா மரியாதை கேக்காதீங்க" என்பதுதான் இன்றைய சாதியின் நாகரிகமான குரல்.

விளையாட்டிலும் இதே இரண்டு படிகள் உண்டு. கோர்ட்டுக்குள் வருவது முதல் படி. கேப்டனாக, அம்பயராக, கோச்சாக, டோர்னமென்ட் கமிட்டியில் கையெழுத்துப் போடுகிறவராக ஆவது இரண்டாவது படி. நம் பையன்கள் முதல் படியை எப்போதோ தாண்டிவிட்டார்கள். அவர்களைக் கூப்பிடாமல் இன்றைக்கு எந்த ஊரும் நல்ல அணி கட்ட முடியாது. இரண்டாவது படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவரவர் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

வாலிபால் நம் தெருக்களுக்கு வந்த கதை சுவையானது. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். யாருக்காக? கூடைப்பந்தின் இடியும் மோதலும் தாங்க முடியாத நடுத்தர வயது வியாபாரிகளுக்காக. அதே ஒய்.எம்.சி.ஏ. 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வழியாக இப்படிப்பட்ட விளையாட்டுகள் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. வியாபாரிகள் மூச்சு வாங்காமல் ஆட உண்டாக்கிய விளையாட்டு, இங்கே நாள் முழுக்கக் கூலி வேலை பார்த்தவர்களின் சாயங்கால விளையாட்டானது.

காரணம் எளிது. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். இரண்டு கம்பு, ஒரு நெட், ஒரு பந்து, கொஞ்சம் சுண்ணாம்பு. இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். ஊர்ப் பொதுமைதானம் கிடைக்காத சேரிகளில், காலனிகளில், கண்மாய்க் கரையில், புறம்போக்கில் இந்த அளவுக்கு இடம் கிடைத்தது. அதனால் இது நம்மிடம் தங்கியது.

இன்னொரு காரணத்தை ஆய்வுக்காகப் பேசப்போனபோது ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கபடின்னா தொட்டுப் புடிக்கணும் தம்பி. வாலிபால்ல நடுவுல நெட்டு இருக்குல்ல, அதனால ஊர்க்காரங்க எங்ககூட யோசிக்காம ஆடுவாங்க. ஆனா பந்து எங்க கையில பட்டுத்தானே அவங்க கைக்குப் போவுது? பந்துக்குத் தீட்டு கெடையாதான்னு எங்களுக்குள்ள பேசிச் சிரிச்சுக்குவோம்." நெட்டை வைத்துக்கொண்டு சமத்துவம் கொண்டாடுகிற ஊரைப் பற்றி இதைவிடச் சரியாக எந்த ஆய்வேட்டிலும் நான் படித்ததில்லை.

இந்த விளையாட்டின் சட்டத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு முறை பந்தைத் தொட முடியாது. மூன்று தொடுதலுக்குள் பந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும். எதிரணியின் சர்வீஸைப் பறித்த ஒவ்வொரு முறையும் அணி ஓர் இடம் சுழல வேண்டும். பின்னால் நின்றவர் முன்னால் வருவார், முன்னால் நின்றவர் பின்னால் போவார். 1998இல் புகுந்த லிபரோ என்ற பின்வரிசைக்காரரைத் தவிர, எல்லோரும் முன்வரிசைக்கு வந்தாக வேண்டும். முன்வரிசை யாருக்கும் பரம்பரைப் பாத்தியதை கிடையாது. கோர்ட்டுக்குள் இருக்கிற இந்தச் சட்டம் கோர்ட்டுக்கு வெளியே, மேடையில், கமிட்டியில் செல்லுபடியாவதில்லை. அங்கே சுழற்சி கிடையாது. கோப்பைக்குத்தான் சுழற்கோப்பை என்று பெயர், நாற்காலி சுழல்வதில்லை.

இந்தியாவில் பாராட்டு விழாவுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அது கிரிக்கெட்டிலிருந்து வருகிறது. பல்வங்கர் பாலூ என்ற பந்துவீச்சாளர், தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் கிளப் மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் இருந்துகொண்டே பந்து வீசக் கற்றவர். அவருடைய திறமை தேவைப்பட்டதால் இந்துக்களின் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் எல்லோரும் அவர் வீசிய பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, உடைத்துப்போடுகிற மண் குவளையில் டீ. டீக்கடை இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை.

1911இல் இந்திய அணி இங்கிலாந்து போனது. கேப்டன் யார்? பாட்டியாலா மகாராஜா. பெரும்பாலான ஆட்டங்களில் அவர் களத்திலேயே இல்லை. பாலூ எடுத்த விக்கெட்டுகள் 114. ஊர் திரும்பியபோது பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூடி அவருக்கு வரவேற்பு நடத்தினார்கள். வரவேற்பு மடலை எழுதியவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவர், பீமராவ் அம்பேத்கர். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா தன் கிரிக்கெட் வரலாற்று நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அண்ணலின் பொதுவாழ்வுக்கு மிக முந்தைய தடங்களில் ஒன்று, ஒரு விளையாட்டு வீரருக்கு எழுதிய பாராட்டு மடல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பாராட்டு ஏன் முக்கியம்? பெவிலியனில் உட்காரவைக்க மறுக்கப்பட்டவரை, அவருடைய மக்கள் தங்கள் நடுவில் உட்காரவைத்தார்கள். 'உன் திறமைக்குச் சாட்சி நாங்கள்' என்றார்கள். மேலேயிருந்து இறங்கி வருகிற மரியாதைக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. சுயமரியாதை என்று தமிழில் நாம் சொல்வதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பாலூ ஆடிய காலம் முழுவதும் இந்துக்கள் அணி அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. புகழ்ந்தார்கள், மாலை போட்டார்கள், பதவியை மட்டும் தரவில்லை. அந்த அநீதியை எதிர்த்து 1920இல் அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி நின்றார்கள். 1923இல் விட்டல் கேப்டன் ஆனார். கேப்டன் பதவியைக் கொண்டுவந்தது ஆடமாட்டோம் என்ற அந்த மறுப்பும் அதன் பின்னால் எழுந்த வாதமும்தான், மாலை கொண்டுவரவில்லை.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலூ. பாராட்டு மடல் எழுதியவரும் பாராட்டப்பட்டவரும் எதிரெதிரே நின்றார்கள். அம்பேத்கர் வென்றார். பாலூவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கென்று ஓர் அரசியல் இருந்தது. கேப்டன் பதவிக்கு வேண்டாதவர், நம் ஆளை எதிர்த்து நிற்க மட்டும் வேண்டியவராகிவிட்டார் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். நம் திறமைசாலிகளின் கழுத்தில் மாலை விழும்போது, போடுகிற கை எதற்காக நீள்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

இன்றைக்கு வருவோம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் கோல் அடித்தார் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண். சில நாட்களில் அரையிறுதியில் அணி தோற்றது. ஹரித்துவார் அருகே அவர் வீட்டு முன்னால் சிலர் வெடி வெடித்துச் சாதி சொல்லித் திட்டியதாகக் குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. ஜெயித்தால் 'இந்தியாவின் மகள்', தோற்றால் சாதி.

ஜெயித்தாலும் சாதிதான் என்பதை நம் தென்மாவட்டம் ஒன்று காட்டியது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தங்களைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். கபடி ஆடுகிறவனின் விரல். வெட்டியவர்களுக்கு எதை வெட்டுகிறோம் என்று தெரிந்திருந்தது.

2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதிக் கயிறு கட்டிவரக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் கயிறு கூடாது, சரி. பள்ளிவிட்டு வந்ததும் அதே பையனுக்குச் சாதித் தலைவர் படம் போட்ட ஜெர்சியை இலவசமாக மாட்டிவிட்டு டோர்னமென்ட்டில் இறக்கினால் என்ன ஆகும்? கயிறு சட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். 'நம்ம சமுதாயத்தின் பெருமை' என்று ஒரு ஸ்மாஷருக்குச் சால்வை போடும்போது, அவன் அடிக்கிற ஒவ்வொரு பாயிண்டும் எதிர்த்தெருவுக்கு விழுந்த அடியாக மாறுகிறது. அடுத்த வாரம் பஸ் ஏறப்போகிறவன் அவன்தான். சால்வை போட்டவர் காரில் போய்விடுவார்.

அரசாங்கத்தின் மரியாதை எப்படி இருக்கிறது? 1961இல் அர்ஜுனா விருது தொடங்கிய முதல் ஆண்டிலேயே வாலிபாலுக்கும் விருது தரப்பட்டது, பெற்றவர் ஏ.பழனிசாமி. பிறகு நம் ஜி.இ.ஸ்ரீதரன் பெற்றார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வெள்ளி, 1986 சியோலில் வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் வாலிபால் பதக்கம் இல்லை. பதக்கம் இல்லாத விளையாட்டை டி.வி. திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பதக்கம் வராத இந்த வருடங்களிலும் சாயங்காலம் கோடு போட்டு நெட் கட்டியவர்கள் நீங்கள். விளையாட்டை உயிரோடு வைத்திருந்தது உங்கள் மாதிரி ஆட்டக்காரர்கள்.

நலிந்த நிலையில் இருக்கிற முன்னாள் வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் தேசிய அளவிலாவது ஆடி வென்றதற்குச் சான்றிதழ் வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் சான்றிதழ் வேண்டும். மாவட்டத் தேர்வு நடந்த அன்றைக்குக் கூலி போகுமே என்று போகாதவரிடம், அணியில் பெயர் இருந்தும் ரயில் செலவுக்குக் காசில்லாமல் நின்றுவிட்டவரிடம், ஜெயித்த சான்றிதழ் கூரை ஒழுகி நனைந்து கிழிந்துபோனவரிடம் எந்தக் காகிதத்தைக் கேட்பது? திறமை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. காகிதம் சில தெருக்களில்தான் சேர்கிறது. அதனால் பெயரை எழுதிவைப்பது நமக்கு அலங்காரம் இல்லை. உரிமைக்கான முதல் வேலை.

மதுரைக்கே ஓர் உதாரணம் உண்டு. சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோவில் 4x400 கலப்பு ரிலேயில் ஓடினார். பெற்றோரை இழந்த பேத்தியை, கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பெண்பிள்ளையை ஏன் ஓட அனுப்புகிறாய் என்று கேட்டவர்களை மீறி அனுப்பியவரும் அவர்தான். ஒலிம்பிக்குக்குப் பிறகு மேடைகள் வந்தன. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு கோச் 'இந்தப் பிள்ளை ஓடும்' என்று கண்டுகொண்டு பயிற்சி தந்ததும், காலேஜில் இடம் கிடைத்ததும்தான் முதல் மரியாதை. பிந்தி வருகிற மாலையைவிட முந்தி வருகிற ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு ஜோடி ஷூவும் பெரிய கௌரவம்.

ஆகவே இளம் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று, இனி நாம் அடிக்கிற நோட்டீஸில் ஆட்டக்காரர்கள் பெயர் முதலில் வரட்டும். பன்னிரண்டு பேர் பெயரும், பெஞ்சில் உட்காருகிறவர் பெயர் உட்பட. உபயதாரர் பெயர் கடைசியில், பட்டம் இல்லாமல் வரட்டும். அதற்குச் சம்மதிக்காதவரின் காசு வேண்டாம்.

இரண்டு, பூஸ்டரைக் கண்டுகொள்ளுங்கள். கைதட்டல் எல்லாம் ஸ்மாஷ் அடிக்கிறவருக்குப் போகிறது. அந்தப் பந்தை விரல் நுனியில் ஏந்தி, நெட்டுக்கு மேலே சரியான உயரத்தில் தூக்கி வைத்தவர் பூஸ்டர். நன்றாகப் பூஸ்ட் கொடுத்தால் யாருக்கும் தெரியாது; கொஞ்சம் பிசகினால் எல்லோரும் திட்டுவார்கள். உழைக்கும் சாதிகளுக்கு இந்த நாடு கொடுத்திருக்கிற இடமும் அதுதான்.

மூன்று, கேப்டன், அம்பயர், கமிட்டி. நம் பையனைக் கூப்பிடுகிற அணியிடம் இனி இரண்டு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு தருவீர்கள் என்பதோடு, கமிட்டியில் எங்கள் ஆள் யார் என்றும். பதில் வராவிட்டால், விட்டலும் சிவராமும் செய்ததைச் செய்யலாம்.

நான்கு, பெண்கள். இந்த முன்வரிசையில் ஆட்டக்காரராக ஓர் அக்கா கூட இல்லை. வந்திருக்கிற அக்காமார்கள் எல்லோரும் 'அவரோட வீட்டம்மா'வாக வந்திருக்கிறார்கள். அவர்களிலேயே பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர்கள் இரண்டு பேர் இருப்பதைக் காலையில் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த கூட்டத்தில் அவர்கள் இங்கே எதற்காக உட்கார வேண்டுமோ அதற்காக உட்காரட்டும். நம் கோர்ட்டில் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். சாதியை எதிர்க்கிற கோர்ட்டில் பொம்பளைப் பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் அது பாதிக் கோர்ட்தான்.

ஐந்து, ஒரு பெரிய நோட்டு வாங்குங்கள். இந்தத் தெருக்களில் ஆடிய எல்லோர் பெயரையும், எந்த வருடம், எந்த இடம், எந்த அணி, எந்தப் பொசிஷன் என்று கேட்டு எழுதுங்கள். கிழிந்த சான்றிதழையும் போட்டோ எடுத்து வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.

டீக்கடையில் கேட்டவருக்கு என் பதில் இதுதான். இவர்கள் ஜெயித்த கோப்பைக்காக மட்டும் பாராட்டவில்லை. ஊர் மைதானம் மறுக்கப்பட்டபோது புறம்போக்கில் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் அடுத்த தலைமுறை வளர்ந்தது. போதைக்கும் அடிதடிக்கும் போயிருக்க வேண்டிய எத்தனையோ சாயங்காலங்களை இவர்கள் பந்தால் காப்பாற்றினார்கள். அதற்குச் சாட்சி சொல்ல நாம் வந்திருக்கிறோம்.

இப்போது பெயர்களை வாசிக்கப் போகிறார்கள். ஆடிய வருட வரிசையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே முதல் மரியாதை, இரண்டாம் மரியாதை கிடையாது. எல்லாப் பெயருக்கும் ஒரே அளவு கைதட்டுங்கள். பிரபலமான ஸ்மாஷர் பெயர் வரட்டும் என்று கையை மடக்கி வைத்திருக்காதீர்கள்.

ஜெய்பீம்.